முதல் பரிசே இல்லாத 1,200 கிலோமீட்டர்... தெரியுமா?

தூரம் 1,200 கிலோமீட்டருக்கும் மேல். கையில் இருப்பது 90 மணி நேரம். சாப்பாடு, தூக்கம், பஞ்சர், கால்வலி எல்லாம் அதற்குள்ளேயேதான். நீங்கள் கண்ணை மூடினாலும் கடிகாரம் மூடாது! சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குச் சைக்கிள் மிதித்துப் போய், ஊர் எல்லையைத் தொட்ட கையோடு சென்னைக்கே மிதித்துத் திரும்புகிற தூரம் அது. இதைச் செய்பவர்கள் ஒலிம்பிக் வீரர்கள் இல்லை. சம்பளத்துக்குச் சைக்கிள் ஓட்டும் தொழில்முறை ஆட்களும் இல்லை. பள்ளி ஆசிரியர், பேங்க் ஊழியர், டாக்டர், தச்சர், பேரன் பேத்தி எடுத்த தாத்தா என்று ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சாமானியர்கள் ஒரே சாலையில் மிதிக்கிறார்கள். அத்தனை பாடுபட்டு முடித்தால் என்ன தருவார்கள் தெரியுமா? முதல் பரிசு கிடையாது. இரண்டாம் பரிசும் கிடையாது. அங்கே 'முதல் ஆள்' என்று ஒருவரே கிடையாது!

பெயர், பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ். பிரான்ஸில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, ஆகஸ்ட் மாதம் நடக்கிறது. 2019, 2023 இரண்டு முறையும் பாரிஸுக்குத் தென்மேற்கே உள்ள ரம்பூயே ஊரின் அரண்மனைப் பூங்காவிலிருந்து கிளம்பினார்கள். அட்லான்டிக் கரையில், நாட்டின் மேற்கு முனையில் இருக்கும் பிரெஸ்ட் துறைமுகம் வரை போய்த் திரும்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணியிலிருந்து கால்மணிக்கு ஒரு கூட்டம் புறப்படும். ஒரு கூட்டத்தில் ஏறக்குறைய முந்நூறு பேர். 80 மணி நேரக் கெடு வாங்கியவர்கள் முதலில், 90 மணிக்காரர்கள் அடுத்து, 84 மணிக்காரர்கள் மறுநாள் விடியற்காலையில்.

வழியில் ஆல்ப்ஸ் போலப் பெரிய மலை ஒன்றுகூட இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டுவிடாதீர்கள்! ஏறி இறங்கி, ஏறி இறங்கி, முடிவே இல்லாத குன்றுகள். அந்தச் சின்னச் சின்ன ஏற்றங்களையெல்லாம் கூட்டினால் 11,000 மீட்டரைத் தாண்டுகிறது. நம் ஊட்டி தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். கடல் மட்டத்திலிருந்து அதன் உச்சிக்கு நான்கு முறை ஏறினாலும் இந்தக் கணக்கு தீராது!

தூங்கியவர் தோற்றார்!

உலகமே பார்க்கிற டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைவிட இது பன்னிரண்டு வயது மூத்தது என்பது தெரியுமா? டூர் தொடங்கியது 1903ல். பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் 1891 செப்டம்பர் 6ஆம் தேதியே தொடங்கிவிட்டது.

'லு பெத்தி ஜூர்னால்' என்ற பாரிஸ் நாளிதழின் ஆசிரியர் பியேர் ஜிஃபார்தான் இதற்கு மூலகாரணம். சைக்கிள் என்பது பணக்கார வாலிபர்களின் விளையாட்டுச் சாமான் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்த காலம். இது வேலைக்கு ஆகும், தூரம் போகும், நம்பி ஏறலாம் என்று நாட்டுக்கு நிரூபித்துக் காட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. பத்திரிகையும் பரபரப்பாக விற்கும் அல்லவா! அந்த முதல் பந்தயத்தில் பிரெஞ்சுக்கார ஆண்களுக்கு மட்டுமே அனுமதி. 207 பேர் கிளம்பினார்கள். கியர் மாற்றும் வசதி கிடையாது. தார் ரோடு கிடையாது. கல்லும் புழுதியும்தான்.

அதில் ஜெயித்தவர் ஷார்ல் தெரோன். எப்படி ஜெயித்தார் என்பதுதான் கதை. அவரும் ஜியேல்-லவால் என்பவரும் முன்னணியில் மல்லுக்கட்டிக்கொண்டு போனார்கள். மூன்றாம் இரவு ஜியேல்-லவால் கொஞ்சம் கண்ணயர்ந்தார். அவ்வளவுதான்! அவர் தூங்கிக்கொண்டிருந்தபோதே தெரோன் அவரைத் தாண்டிப் போய்விட்டார். 71 மணி 22 நிமிடத்தில் பாரிஸுக்குத் திரும்பிய தெரோனை வரவேற்க, அதிகாலை என்றும் பாராமல் பல்லாயிரம் பேர் திரண்டிருந்தார்கள். தூங்கிய ஜியேல்-லவால் வந்து சேர்ந்தது அதற்கும் எட்டு மணி நேரம் கழித்து! கிளம்பிய 207 பேரில் பாதிப் பேர்கூட முழுத்தூரம் முடிக்கவில்லை.

இந்தப் பந்தயத்துக்குள் இன்னொரு பந்தயமும் ஓடியது, அது டயர் பந்தயம். காற்றடைத்த டயர் அப்போதுதான் வந்திருந்தது. டன்லப் கம்பெனியின் டயரைச் சக்கரத்தோடு பசை போட்டு ஒட்டிவிடுவார்கள். பஞ்சரானால் பிய்த்தெடுத்து, சரிசெய்து, மறுபடி ஒட்டி, இரவு முழுக்கக் காயவைக்க வேண்டும். இப்படிப் பஞ்சரான ஒரு சைக்கிள், கிளெர்மோன்-ஃபெரான் நகரில் ரப்பர் தொழிற்சாலை நடத்திக்கொண்டிருந்த மிஷலான் சகோதரர்களிடம் வந்து சேர்ந்தது. ஒரு பஞ்சருக்கு இத்தனை பாடா என்று யோசித்த அவர்கள், கழற்றி மாட்டக்கூடிய டயரைக் கண்டுபிடித்தார்கள். தெரோனின் சைக்கிளில் இருந்தது அந்த டயர். ஜியேல்-லவாலின் சைக்கிளில் டன்லப். இன்றைக்கு நம் தெருமுனைப் பஞ்சர் கடையில் இரண்டு நெம்பியை விட்டு டயரை நெம்பி, டியூபை உருவி, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழ் பார்க்கிறார்களே, அந்தக் கழற்றி மாட்டும் டயரின் பெருமையை உலகம் முதன்முதலில் பார்த்தது இந்தப் பிரெஸ்ட் சாலையில்தான். எனக்கு இதைப் படித்ததிலிருந்து பஞ்சர் கடையைத் தாண்டும்போதெல்லாம் தெரோன் ஞாபகம்தான்.

உடம்பை இப்படிப் பிழிந்தெடுக்கும் பந்தயத்தை வருஷா வருஷம் எப்படி நடத்துவது? பத்து ஆண்டுக்கு ஒருமுறை என்று வைத்தார்கள். 1901ல் ஜெயித்தவர் மொரீஸ் கரான், 52 மணி 11 நிமிடம். இத்தாலியில் பிறந்து, பிரான்ஸில் புகைபோக்கி துடைத்துப் பிழைத்தவர். அதே கரான்தான் இரண்டு ஆண்டு கழித்து, 1903ல், முதல் டூர் டி பிரான்ஸையும் ஜெயித்தார்!

இனிப்புப் பிரியர்களே, உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. பிரெஞ்சு பேக்கரிகளில் 'பாரிஸ்-பிரெஸ்ட்' என்று ஒரு பண்டம் கிடைக்கும். உப்பிய மாவு வளையத்தைக் குறுக்கே இரண்டாக அறுத்து, நடுவே வறுத்த கொட்டைகளை அரைத்துச் சேர்த்த க்ரீமைப் பிழிந்து, மேலே சீவிய பாதாம் தூவியிருப்பார்கள். ஏன் வளையம்? அது சைக்கிள் சக்கரம்! இந்தப் பந்தயத்தைக் கொண்டாட ஒரு பண்டம் வேண்டும் என்று ஜிஃபார் கேட்டுக்கொண்டதற்காக, 1910ல் மேசோன்-லஃபீத் ஊரின் லூயி துரான் என்ற பேக்கரிக்காரர் உருவாக்கியது.

1931ல் ஜெயித்தவர் ஆஸ்திரேலியாவின் ஹ்யூபர்ட் ஆப்பர்மேன். ஐம்பது மணி நேரத்துக்கும் குறைவாக முடித்தார். பின்னாளில் இவர் நாடாளுமன்ற உறுப்பினராகி, ஆஸ்திரேலியாவின் குடியேற்றத்துறை அமைச்சராகவே ஆனார், சர் பட்டமும் பெற்றார்!

ஆனால் எனக்கு உயிரான கதை 1951ஆம் ஆண்டுடையது. மொரீஸ் தியோ, எதுவார் முல்லேர் என்ற இருவரும் மற்றவர்களை உதறிவிட்டு வெகுதூரம் முன்னால் வந்துவிட்டார்கள். பாரிஸ் நெருங்கிவிட்டது. ஒன்றரை நாளுக்கும் மேல் மிதித்த களைப்பு. அந்த நேரம் பார்த்து முல்லேருக்குப் பஞ்சர்! தியோ என்ன செய்திருக்கலாம்? திரும்பிப் பார்க்காமல் அழுத்தியிருந்தால் வெற்றி நிச்சயம். அவர் நின்றார். முல்லேர் சரிசெய்துகொண்டு வரும்வரை காத்திருந்தார். பிறகு இருவரும் சேர்ந்தே பாரிஸுக்குள் நுழைந்து, மைதானத்தில் கடைசி ஓட்டம் ஓடினார்கள். அதில் தியோவே ஜெயித்தார். 38 மணி 55 நிமிடம். தொழில்முறைப் பந்தயமாக இது நடந்தது அதுவே கடைசி. அடுத்த முறை நடத்த முயன்றபோது தொழில்முறை வீரர்கள் போதிய அளவு முன்வரவில்லை.

பணத்துக்கு ஓட்டியவர்கள் போய்விட்டார்கள். பந்தயம் செத்துவிட்டதா? அதுதான் இல்லை! 1931லேயே, பாரிஸின் ஆடாக்ஸ் கிளப் சாமானியர்களுக்கென்று தனியாக ஒரு பயணத்தை இதே சாலையில் தொடங்கியிருந்தது. பெண்கள் முழுத்தூரத்தையும் முதன்முதலில் ஓட்டி முடித்ததும் அந்த ஆண்டில்தான். இன்று நடப்பது அந்தப் பயணம்தான். வீரர்கள் கைவிட்டதை வேலைக்குப் போகிறவர்கள் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். இந்த 1,200 கிலோமீட்டரில் இதைவிடப் பெரிய அதிசயம் வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை.

விழுப்புரம் டீக்கடையிலிருந்து பிரெஸ்ட் வரை

பணம் கட்டினால் போய்விடலாமா? முடியாது! அந்த ஆண்டுக்கான பருவத்திலேயே 200, 300, 400, 600 கிலோமீட்டர் என நான்கு தகுதிப் பயணங்களை முடித்திருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கெடு உண்டு. 200க்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40. ஓட்டுகிறவர்கள் வாயில் இவையெல்லாம் 'பிரவே'. நான்கையும் ஒரே பருவத்தில் முடித்தால் நீங்கள் 'சூப்பர் ராண்டனர்', சுருக்கமாக எஸ்.ஆர். பாதியில் கைவிட்டால் 'டி.என்.எஃப்.' அந்த மூன்றெழுத்தைக் கேட்டால் எந்த ராண்டனருக்கும், அதாவது இப்படி நெடுந்தூரம் ஓட்டுகிற எவருக்கும், வயிற்றில் புளியைக் கரைக்கும்.

இந்தத் தகுதிப் பயணங்களுக்குப் பிரான்ஸ் போக வேண்டியதில்லை. பல நாடுகளில் நடக்கின்றன. இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ் அமைப்பின் கீழ் நடக்கின்றன, சென்னையில் மெட்ராஸ் ராண்டனர்ஸ் நடத்துகிறது. வாரக்கடைசியில் விடிவதற்கு முன் ஈ.சி.ஆரிலோ ஜி.எஸ்.டி. சாலையிலோ, தலைக்கவசமும் பளபளக்கும் மேல்சட்டையும் போட்டுக்கொண்டு பின்னால் சிவப்பு விளக்கு மினுங்க வரிசையாகப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்களே? அவர்களில் யாராவது ஒருவர் பிரெஸ்ட்டை மனதில் வைத்து மிதித்துக்கொண்டிருக்கலாம்!

போனதற்கு அத்தாட்சி வேண்டும் அல்லவா? அதற்குத்தான் 'பிரவே கார்டு'. சின்ன மடிப்பு அட்டை. வழியில் குறிப்பிட்ட இடங்களில் 'கண்ட்ரோல்' இருக்கும். அங்கே நேரம் எழுதி முத்திரை வாங்க வேண்டும். ஆள் இல்லாத கண்ட்ரோல் என்றால் ஏ.டி.எம். ரசீதோ, பங்க் பில்லோ, டீக்கடை பில்லோ அத்தாட்சி ஆகும். பின்னிரவில் விழுப்புரம் பக்கம் ஒரு டீக்கடை. கை நடுங்க டீ குடிக்கிறவரைப் பார்த்து மாஸ்டர் கேட்பார்:

"இந்நேரத்துல எங்க தம்பி சைக்கிள்ல?"

"மெட்ராஸ்லேருந்து வந்தேண்ணே. இப்ப திரும்பி மெட்ராஸ்தான்."

"அதுக்கு எதுக்கு இவ்ளோ தூரம் வந்தீங்க? ஜெயிச்சா என்ன குடுப்பாங்க?"

"ஜெயிக்கிறதெல்லாம் இல்லண்ணே. டயத்துக்குள்ள முடிக்கணும், அவ்ளோதான். ஒரு பில்லு மட்டும் டயம் போட்டுக் குடுங்க."

அந்தத் துண்டுக் காகிதத்தை மடித்து, மழையோ வியர்வையோ படாமல் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடி, மேலே ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொள்வார். சைக்கிள் உடைந்தால்கூட ஒட்டவைத்துக்கொள்ளலாம், அத்தாட்சி போனால் 400 கிலோமீட்டரும் போச்சு!

கூட்டம் என்று பார்த்தால் இதைவிடப் பெரிய சைக்கிள் திருவிழாக்கள் உலகில் இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் 1978ல் சைக்கிளுக்குத் தனிப்பாதை கேட்டுத் தொடங்கிய ஓட்டம் இன்று பல்லாயிரம் பேர் கலந்துகொள்ளும் 109 கிலோமீட்டர் விழா. 2017ல் அங்கே அடித்த காற்றில் ஆட்கள் சைக்கிளோடு சாய்ந்து விழ, அன்றைக்கு விழாவையே நிறுத்த வேண்டியதாயிற்று! சுவீடனில் 1966 முதல் வெட்டர்ன் ஏரியைச் சுற்றி 300 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறார்கள், ஜூன் மாதம், முழுதாக இருட்டாத இரவில். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் 1973ல் இரண்டு பத்திரிகையாளர்கள் விளையாட்டாகத் தொடங்கியது இன்று ஒரு வாரத் திருவிழா. கிளம்பும்போது பின்சக்கரத்தை மிசௌரி ஆற்றில் நனைத்து, முடிக்கும்போது முன்சக்கரத்தை மிசிசிப்பியில் நனைப்பார்கள். முதல் ஆண்டே கிளாரன்ஸ் பிக்கார்ட் என்ற 83 வயதுத் தாத்தா, பழைய லேடீஸ் சைக்கிளில் ஐயோவாவை முழுதாகக் கடந்தார்! எல்லாம் கொண்டாட வேண்டியவைதான். ஆனால் அங்கெல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும், அல்லது ராத்திரி படுத்து எழுந்து காலையில் மறுபடி ஓட்டலாம். பிரெஸ்ட் சாலையில் அந்தச் சலுகை கிடையாது.

வாசலில் மேசை போட்டு...

பகலில் ஓட்டுவதே கடினம். இங்கே முதல் இரவே தூக்கம் இல்லாத இரவு. மாலையில் கிளம்பியவர்களைச் சில மணி நேரத்திலேயே இருட்டு பிடித்துக்கொள்ளும். முன்விளக்கு, பின்விளக்கு, ஒளி பட்டால் மின்னும் மேல்சட்டை இல்லாமல் ஓட்ட விடமாட்டார்கள். மேட்டின் மேலேறி நின்று பார்த்தால், முன்னால் கண்ணுக்கெட்டிய மட்டும் சிவப்புப் புள்ளிகள், பின்னால் திரும்பினால் வெள்ளைப் புள்ளிகள். பேச்சுக்குரல்கூட இல்லை, செயின் ஓடும் சத்தம் மட்டும்தான்.

என்னென்ன வண்டிகள் தெரியுமா! சாதாரண ரேஸ் சைக்கிள், இருவர் மிதிக்கும் டேண்டம், மூன்று சக்கர வண்டி, மடக்கு சைக்கிள், மல்லாந்து படுத்தபடி மிதிக்கிற சைக்கிள், முட்டை ஓடு போல முழுக்க மூடிய கூட்டுக்குள் உட்கார்ந்து மிதிக்கிற வண்டி. எல்லாம் செல்லும்! மோட்டார் மட்டும் கூடாது. கூடவே கார் வைத்துக்கொண்டு நினைத்த இடத்தில் சாப்பாடு வாங்குவதும் கூடாது. வீட்டார் உதவி செய்வதென்றால் கண்ட்ரோலில் மட்டும்தான். மற்ற நேரத்தில் பஞ்சரா, நீங்களே ஒட்டுங்கள். பசியா, நீங்களே வாங்குங்கள்.

அப்படியானால் வழியெல்லாம் அநாதையாகவா போக வேண்டும்? அங்கேதான் இருக்கிறது, பிரெஸ்ட் அமைந்திருக்கும் பிரித்தானிப் பகுதி மக்களின் பெரிய மனசு. நடுராத்திரி, பெயர்கூட மேப்பில் தேடவேண்டிய குக்கிராமம். ஒரு வீட்டு வாசலில் மேசை. மேலே தண்ணீர்க் குடம், பிளாஸ்க்கில் காபி, கேக், பிஸ்கட், சூப். போர்வையைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் ஒரு பாட்டி. காசு நீட்டினால் வாங்கமாட்டார். "போன் கூராஜ்!" (தைரியமாகப் போங்கள்!) என்று கைதட்டி அனுப்புவார். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை இந்தச் சாலையோர வீடுகளுக்கு இது வழக்கம். அப்பா போட்ட மேசையை மகன் போடுகிறார், அவர் பிள்ளைகள் தண்ணீர் ஊற்றுகிறார்கள். பழைய சைக்கிளுக்கு வண்ணம் அடித்துச் சுவரில் மாட்டிவைக்கிறார்கள்.

லா தனியேர் என்ற சிற்றூரில் ஒரு குடும்பம் பல முறையாக வருகிறவர்களுக்கெல்லாம் சுடச்சுடக் கிரேப் சுட்டுக் கொடுக்கிறது. நம் கோதுமை தோசையை இன்னும் மெல்லியதாக வார்த்தால் எப்படி இருக்கும், அதுதான் கிரேப். எவ்வளவு என்று கேட்டால் அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஊருக்குப் போனதும் உங்கள் ஊர்ப் படம் போட்ட ஒரு தபால் அட்டை அனுப்புங்கள்! உலகின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் அந்த வீட்டுக்கு அட்டைகள் வந்து சேர்ந்திருக்கின்றன.

விலேன்-லா-ஜுயேல் என்ற ஊரைச் சொல்லாமல் விட்டால் பிரெஸ்ட் போனவர்கள் யாரும் என்னை மன்னிக்கமாட்டார்கள். அங்கே கண்ட்ரோல் வந்தால் ஊரே தெருவுக்கு வந்துவிடும். ஒலிபெருக்கி, கொடி, மாலைக் கச்சேரி. திரும்பும் வழியில் ஆயிரம் கிலோமீட்டரை மிதித்துவிட்டு, தட்டைத் தூக்கக்கூடக் கையில் வலு இல்லாமல் சாப்பாட்டு வரிசையில் நிற்பீர்கள். பத்து வயதுச் சிறுவனோ சிறுமியோ ஓடிவந்து உங்கள் தட்டை வாங்கிக்கொள்வார்கள். சிந்தாமல் சிதறாமல் மேசைக்குக் கொண்டுபோய் வைத்து, நீங்கள் உட்கார நாற்காலியையும் இழுத்துப் போடுவார்கள். ஆட்டோகிராஃப் வேறு கேட்பார்கள்! அலுவலகத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத ஓர் ஆளிடம் ஒரு குழந்தை நோட்டை நீட்டிக் கையெழுத்து கேட்கிறது. இதற்காகவே 1,200 கிலோமீட்டர் மிதிக்கலாம் என்று தோன்றவில்லையா?

கழுத்து நிற்காது, கண் நிற்காது

பாதித் தூரத்தில் பிரெஸ்ட். அதற்கு முன் 384 மீட்டர் உயரமுள்ள ரோக் த்ரெவெசெல் குன்று. உயரம் குறைவுதான், ஆனால் கடற்காற்று எதிரில் அடிக்கும், பனிமூட்டம் சூழும். அதைத் தாண்டி இறங்கினால், 1930ல் திறந்த அல்பேர் லூப் கான்கிரீட் பாலம். இப்போது அதில் கார்கள் போவதில்லை, பக்கத்திலேயே புதுப்பாலம் வந்துவிட்டது. பழைய பாலத்தில் நின்று, கீழே கடலையும் பின்னால் நகரத்தையும் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளாதவர் கிடையாது. பிறகு திரும்பிப் பார்த்தால், வந்த தூரம் அத்தனையும் மறுபடி காத்திருக்கிறது!

உடம்பு என்ன ஆகும் தெரியுமா? தசைகளிலும் ஈரலிலும் சேர்த்துவைத்த சர்க்கரை, விடாமல் அழுத்தி மிதித்தால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே தீர ஆரம்பிக்கும். அதனால் பசிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. மிதித்துக்கொண்டே தின்ன வேண்டும், தின்றுகொண்டே மிதிக்க வேண்டும். நம் ஊர்க்காரர்கள் பையில் கடலை மிட்டாய்க்கு எப்போதும் இடம் உண்டு. ஹேண்டில்பாரில் நாள்கணக்கில் கையை ஊன்றியதில் உள்ளங்கை நரம்பு நசுங்கி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். சட்டைப் பொத்தான் போட முடியாமல் வீடு திரும்புகிறவர்கள் உண்டு. சிலருக்குக் கழுத்துத் தசை ஒரேயடியாகக் கைவிட்டுவிடும், தலை தானாகத் தொங்கிவிடும். இதற்கு 'ஷெர்மர் கழுத்து' என்றே பெயர். அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் சைக்கிள் பந்தயத்தில் மைக்கேல் ஷெர்மர் என்பவருக்கு வந்ததால் அந்தப் பெயர். தாடையைக் கையால் தாங்கிப் பிடித்தபடி ஒற்றைக் கையால் ஓட்டி முடித்தவர்களும் இருக்கிறார்கள்!

எல்லாவற்றையும்விடக் கொடியது தூக்கம். மூன்றாம் இரவில் கண் பொய் சொல்லத் தொடங்கும். சாலையோரப் புதர் நாயாகத் தெரியும், தபால் பெட்டி கைகாட்டுகிற ஆளாகத் தெரியும். அனுபவசாலிகள் அந்த நிமிடமே சைக்கிளை ஓரங்கட்டிவிடுவார்கள். புல்வெளி, பஸ் நிறுத்தம், தேவாலய வாசல், ஏ.டி.எம். அறை, எங்கே முடியுமோ அங்கே படுக்கை. வெள்ளிக்காகிதம் போல மின்னும் அவசரப் போர்வையைச் சுற்றிக்கொண்டு சாலையோரம் வரிசையாகக் கிடப்பார்கள்.

கண்ட்ரோல்களில் முறையான தூங்கும் கூடம் உண்டு. பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில் வரிசையாகப் படுக்கைகள். வாசலில் ஒரு மேசை, ஒரு தன்னார்வலர், ஒரு பெரிய தாள். எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும் என்று சொன்னால் படுக்கை எண்ணுக்கு நேரே எழுதிக்கொள்வார். சின்ன டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடித்தபடி, மற்றவர்கள் விழிக்காத வண்ணம் அழைத்துப்போய் உங்கள் இடத்தைக் காட்டுவார். நூறு பேர் குறட்டை, ஈர சாக்ஸ் வாசனை. ஷூவைக் கழற்றுவதற்குள் தூங்கிவிடுவீர்கள். சொன்ன நிமிடத்தில் தோளில் ஒரு தட்டு விழும். எழுப்புகிறவர் அந்த ஊர் விவசாயியாகவோ ஓய்வுபெற்ற ஆசிரியையாகவோ இருப்பார், அவரும் இரண்டு இரவாகத் தூங்கவில்லை!

வானமும் சும்மா இருக்காது. 2007ல் நாள்கணக்கில் மழை. கிளம்பியவர்களில் பலர் முடிக்க முடியாமல் திரும்பினார்கள். 2019ல் இந்தியாவிலிருந்து மட்டும் முந்நூறுக்கும் மேற்பட்டோர் போனார்கள். ஆகஸ்ட் என்றாலும் பிரித்தானியில் பின்னிரவு வெப்பநிலை பத்து டிகிரிக்கும் கீழே போகும். சென்னை வெயிலில் 600 முடித்த உடம்புக்கு அந்தக் குளிர் புது எதிரி. நம்மவர்கள் பலர் கெடுவுக்குள் முடிக்க முடியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். முடித்தவர்களைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டும். ஆயிரம் கிலோமீட்டர் மிதித்துவிட்டு டி.என்.எஃப். ஆனவர்களையும்தான்.

கடைசி ஆளுக்கும் ஒரு சங்கம்!

முதல் ஆள் கிடையாது என்றேனே, அது முழுக்க உண்மை. நாற்பத்து மூன்று மணி நேரத்துக்கும் குறைவாக முடித்த அசகாய சூரர்கள் உண்டு. 89 மணி 59 நிமிடத்தில் தள்ளாடி வந்து சேர்ந்தவர்களும் உண்டு. இருவருக்கும் ஒரே பதக்கம். அதிகாரபூர்வப் பட்டியலில் நேரம் இருக்கும், ஆனால் முதலிடம், இரண்டாமிடம் என்று தரவரிசை இருக்காது.

அமெரிக்க ஓட்டிகளிடம் இதையொட்டி இரண்டு சங்கங்கள் இருக்கின்றன. ஒன்று, சார்லி மில்லர் சங்கம். 1901ல் சிகாகோவிலிருந்து வந்து ஓட்டிய மில்லரின் நேரம் 56 மணி 40 நிமிடம். அதற்குள் முடிக்கும் அமெரிக்கர்களுக்கு அதில் இடம். இரண்டாவது சங்கத்தின் விதி என்ன தெரியுமா? 88 மணி 55 நிமிடமோ அதற்கு மேலோ ஆகியிருக்க வேண்டும்! ஆனால் 90ஐத் தாண்டக் கூடாது. ஏட்ரியன் ஹேண்ட்ஸ் என்பவர் ஒருமுறை எடுத்துக்கொண்ட நேரம் அது. வேகத்தைத் தேடாமல், வழியோர மேசைகளில் நின்று, குடித்து, பேசிச் சிரித்து, கெடுவின் கடைசி ஓரம்வரை அந்தச் சாலையை அனுபவித்தவர். பிற்காலத்தில் தசைகளை ஒவ்வொன்றாக முடக்கும் ஏ.எல்.எஸ். நோய் வந்து இறந்துபோனார். அவர் நினைவாகத்தான் அந்தச் சங்கம். உலகத்தில் தாமதமாக வந்தால் மட்டுமே சேர்த்துக்கொள்கிற விளையாட்டுச் சங்கம் வேறு எங்காவது இருக்கிறதா?

அடுத்த பயணம் 2027 ஆகஸ்ட்டில். அதற்கான நான்கு பிரவேயையும் அதே 2027 பருவத்தில்தான் முடிக்க வேண்டும். ஆனால் முன்பதிவில் ஒரு நுட்பம் இருக்கிறது. முந்தைய ஆண்டில் யார் எவ்வளவு நீளமான பிரவே ஓட்டியிருக்கிறார்களோ, அந்த வரிசைப்படிதான் கதவைத் திறப்பார்கள். ஆயிரம் ஓட்டியவருக்கு முதலில், அப்புறம் 600, அப்புறம் 400, 300, 200. ஆகவே பிரெஸ்ட் போக ஆசை இருக்கிறவர்கள் 2026லேயே முடிந்தவரை நீளமான பிரவே ஒன்றை ஓட்டி வைத்துக்கொள்ள வேண்டும். முதல் தடவை என்றால் 200லிருந்து தொடங்கலாம், அதற்குக் கியர் வைத்த சாதாரண சைக்கிளே போதும். முன்னும் பின்னும் விளக்கு, தலைக்கவசம், இரண்டு ஸ்பேர் டியூப், கைப்பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான்கள், பிரவே கார்டு நனையாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் உறை, ஏற்பாட்டாளர்களிடம் பதிவு. இவ்வளவு இருந்தால் கிளம்பிவிடலாம்!